அளவுபெயர்ப்பு: வடிவமைப்பில் 'ஸ்கேலிங்' என்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தேறிய ஒரு வடிவமைப்பை எடுத்துக்கொண்டு, அதன் அளவுகளை ஒரு விதிப்படி கூட்டியோ குறைத்தோ, அதே இனத்தில் வேறு திறனுள்ள பொருள்களை உருவாக்குவதைத் தொழிற்சாலைகளில் 'ஸ்கேலிங்' என்கிறோம். இதற்கு இதுவரை உருப்பெருக்கம், அளவேற்றம், அளவுமாற்றம், அளவிடை மாற்றம் என நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நான்கையும் வாக்கியங்களில் இட்டுப் பார்த்தேன். எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை என்பதால், காரணங்களைச் சொல்லி ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்.

உருப்பெருக்கம் பள்ளிப் பாடத்தில் வில்லையோடு ஒட்டிக்கொண்ட சொல். வில்லையின் வழியே பார்க்கும்போது பெரிதாவது தோற்றம்தான். பொருள் இருந்தபடியே இருக்கும். நம் வேலையிலோ பொருளே வேறாகிறது. அளவேற்றம் நல்ல சொல்; பதிவேற்றம், பதிவிறக்கம் போல அளவேற்றம், அளவிறக்கம் என்று இணையாக நிற்கும். ஆனால் இரண்டுக்கும் பொதுவான தாய்ச்சொல்லாக அதை வைக்க முடியாது. அளவுமாற்றம் தையற்கடையில் சட்டையைப் பிடித்துத் தைப்பதற்கும் பொருந்திவிடும். அளவிடை இலங்கைப் பாடநூல்களில் நிலப்படத்தின் அளவு விகிதத்தைக் குறிப்பதால், 'அளவிடை மாற்றம்' என்றதும் தாளில் படத்தைச் சிறிதாக்குவதுதான் நினைவுக்கு வருகிறது.

தாளில் நடப்பதும் உலோகத்தில் நடப்பதும் வேறு என்பதுதான் இங்கே உயிர்நாடி. ஒரு மையவிலக்கு பம்பை எடுத்துக்கொள்வோம். நீரைச் சுழற்றி வீசும் சக்கரமான இம்பெல்லர் உள்ளிட்ட அதன் எல்லா நீளங்களையும் இரட்டித்து, வேகத்தை மாற்றாமல் ஓட்டினால், நீர் வரத்து 8 மடங்காகும், நீரேற்ற உயரம் 4 மடங்காகும், தேவைப்படும் திறன் 32 மடங்காகும். வேகம் மாறாததால் தண்டின் மேல் விழும் முறுக்கமும் (அதைத் திருகும் விசையின் அளவு) 32 மடங்கு. தண்டின் விட்டம் இரட்டித்ததால் அதன் தாங்குதிறன் கூடியதோ 8 மடங்குதான். ஆகவே தகைவு, அதாவது தண்டின் உலோகத்தில் ஒரு சதுர அளவின் மேல் விழும் விசை, 4 மடங்காகிறது. முதல் பம்பில் உறுதியாக நின்ற தண்டு, வடிவம் துளியும் பிசகாத பெரிய பம்பில் முறியக்கூடும். வேகத்தைப் பாதியாக்கினால், அதாவது நிமிடத்துக்கு 2880 சுற்று மோட்டாருக்குப் பதில் 1440 சுற்று மோட்டாரைப் பூட்டினால், உயரம் பழையபடியே இருக்கும், வரத்தும் திறனும் 4 மடங்காகும், முறுக்கம் 8 மடங்காகும், தகைவு மாறாது. எதை மாற்றினால் எது மாறாமல் நிற்கும் என்று தேர்வதே வேலையின் பெரும்பகுதி. பெருக்கிப் போடுவது அதில் சிறு பகுதி.

சிறிதாக்குவதில் வேறு விதமான சிக்கல். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பம்ப் உறையின் வரைபடத்தைக் கணினியில் 0.5 என்று கொடுத்துச் சுருக்கி, பெருமையோடு வார்ப்புப் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். 6 மில்லிமீட்டர் சுவர் 3 ஆகியிருந்தது. அங்கிருந்த மூத்த மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "இரும்பு முழுசா ஓடறதுக்குள்ள உறைஞ்சு போயிரும், தம்பி" என்று சொல்லித் தாளை மடித்துக் கையில் கொடுத்தார். சுவர் மட்டுமன்று: சுழலும் பாகத்துக்கும் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் அதே விகிதத்தில் குறைக்க முடியாது; அதனால் சின்ன பம்பில் ஒழுகித் திரும்பும் நீரின் பங்கு கூடித் திறமை குறையும். எனவே சில அளவுகள் பெருக்கத்தோடு நகரும், சில தரப்படுத்திய அளவுகளின் பட்டியலில் உள்ள அடுத்த எண்ணுக்குத் தாவும், சில அசையவே மாட்டா.

இதே காரணத்தால் சிற்பமரபிலிருந்து, படிமத்தின் உறுப்புகளுக்கு அளவு வகுக்கும் முறையைக் குறிக்கும் 'தாலம்' என்னும் சொல்லை எடுக்கலாம் என்ற யோசனையையும், மனமில்லாமல்தான், விடுகிறேன். உத்தம தசதாலம் என்னும் அளவுமுறையில் அமைந்த படிமத்தின் உயரம் எதுவானாலும் அது 124 பங்காகவே பகுக்கப்படும்; சுவாமிமலையில் படிமத்தின் உயரத்துக்கு நறுக்கிய ஓலையை மடித்து மடித்தே உறுப்புகளின் அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். அழகான முறை. ஆனால் அது விகிதத்தைக் காக்கும் முறை. நமக்கோ பல இடங்களில் விகிதத்தை உடைத்தால்தான் பொருள் வேலை செய்யும்.

நான் முன்வைக்கும் சொல் அளவுபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் சொல்லுக்குச் சொல் மாற்றிவைத்தால் எப்படிப் பொருள் கெடுமோ, அப்படியே இங்கும் எண்ணுக்கு எண் பெருக்கினால் பொருள் கெடும். ஓர் அளவில் இயங்குவதை இன்னோர் அளவிலும் இயங்கும்படி பெயர்த்து அமைக்க வேண்டும். பெருக்கம், சுருக்கம் இரண்டுக்கும் சொல் பொது. வினையாகவும் வரும்: 'இந்த உறையை 80 மில்லிமீட்டருக்கு அளவுபெயர்த்தார்கள்', 'அளவுபெயர்க்க முடியாத பாகம்'. இடையில் ஒற்று மிகக் கூடாது. 'அளவுப்பெயர்' என்று எழுதினால் நாழி, மரக்கால் போன்ற அளவைகளின் பெயராகிவிடும்.

பிறக்கும் பொருளுக்கும் பெயர் வேண்டும். கிருமிகளுக்கு வழங்கும் 'திரிபு' வேண்டாம். எதோ கெட்டுப்போனது போல ஒலிக்கிறது. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் என நான்காக வகுக்கிறது. முதல்நூலிலிருந்து வழிநூல் பிறப்பதுபோல் முதல்வடிவத்திலிருந்து பிறப்பதை வழிவடிவம் என்றால், உறவு சொல்லிலேயே விளங்கும்.

வழிவடிவங்களின் நிரைக்கு அளவுவரிசை போதும். ஜெர்மானியப் பொறியாளர்கள் இதை 'பௌரைஹெ' என்றும், பகுதிகளைக் கோத்து வேறு வேறு பொருள் செய்வதை 'பௌகாஸ்டன்' என்றும் பிரித்தே வழங்குகிறார்கள். நாமும் குழப்பக் கூடாது. வரிசையின் படிகளையும் மனம்போனபடி வைப்பதில்லை. பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சார்லஸ் ரெனார் 1870களில் பலூன் கயிறுகளின் 425 அளவுகளைப் பெருக்குத்தொடர்ப்படி, அதாவது ஒவ்வொரு எண்ணும் முந்தியதைவிட ஒரே மடங்கில் கூடும்படி, 17ஆகக் குறைத்ததிலிருந்து வளர்ந்த முறை அது. மோட்டார் சட்டங்களின் (உடற்கூடுகளின்) 63, 71, 80, 90, 100, 112 என்ற எண்களில் இன்றும் அதைக் காணலாம். அவை அடித்தளத்திலிருந்து தண்டின் மையம் வரையுள்ள உயரம், மில்லிமீட்டரில்.

ஓரிடத்தில் மட்டும் எனக்கே தயக்கம். ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கி பம்ப் குழாய்க்குள் இறங்க வேண்டியிருப்பதால் அகலத்தில் வளர முடியாது. அதன் மோட்டாரில் அதே தகடுகளை வைத்து அடுக்கின் நீளத்தைக் கூட்டித் திறனைக் கூட்டுகிறார்கள். ஒரே திசையில் நடந்தாலும் அதை அளவுபெயர்ப்பு என்பேன். பம்பில் ஸ்டேஜ்களை, அதாவது இம்பெல்லரும் அதன் உறையும் சேர்ந்த தொகுதிகளை, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பதோ ஒன்றையே திரும்பத் திரும்ப வைப்பதாகும். அதை அடுக்கல் என்று தனியே வைக்கலாம் என நினைக்கிறேன். கோவையில் இந்த வேலையில் இருக்கும் நண்பர்கள், பட்டறையில் இதற்கு ஏற்கெனவே வழங்கும் சொல் இருந்தால் தெரிவியுங்கள். என்னுடையதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பம்ப் வரைவாளர்