10க்கு 12 படுக்கையறை: மெத்தை, ஏசி, கொசு... எதில் தொடங்குவது?

மாடிவீடு:
சென்னை, இரண்டாவது மாடி, மேற்கே ஒரே ஜன்னல். எட்டு வருடப் பழைய ஃபோம் மெத்தை, இரவு முழுக்க ஏசி 20இல், கூடவே கொசுவத்திச் சுருள். காலையில் தலை கனக்கிறது, தும்மல் நிற்பதில்லை. இலவம்பஞ்சு மெத்தைக்கு மாறலாமா? காற்றைச் சுத்தம் செய்யும் செடி வாங்கச் சொல்கிறார்கள். கையில் 15,000 ரூபாய்.

கரண்ட்பில்:
முதலில் சுருளை நிறுத்துங்க, அதற்குக் காசே வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003லேயே அளந்து சொல்லியாச்சு. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். அந்தப் புகையைத்தான் விடியவிடிய சுவாசிக்கிறீங்க.

ஜன்னலுக்கு, சதுர அங்குலத்துக்கு 156 கண் உள்ள வலை போதும். வலையைப் பிடிக்கும் வெல்க்ரோ பட்டையை ஒட்டும் முன் ஜன்னல் சட்டத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து நன்றாகக் காயவிடணும். தூசி மேல் ஒட்டினால் கீழ்மூலை உரிந்து கொசு அங்கேதான் நுழையும்.

ஏசியை 26இல் வைத்து ஃபேனும் போடுங்க. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6% மின்சாரம் மிச்சம். மேற்கு வெயிலுக்கு மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியே கட்டுங்க. கண்ணாடி தாண்டி வந்த சூட்டை உள்திரை திருப்பி அனுப்பாது.

செடி? அழகுக்கு வைங்க. செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சுக்கு ஆதாரமான 1989 நாசா சோதனை மூடிய பெட்டிக்குள் நடந்தது. சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலைக்கு ஈடாகச் சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேணும். உங்க 11 சதுர மீட்டர் அறைக்கு 110 தொட்டி!

பஞ்சுமூட்டை:
இலவம்பஞ்சில் கலப்படம் அதிகம். ஒரு கை எடுத்து விளக்குத்திரி மாதிரி முறுக்குங்க. இலவம் வழுக்கி வழுக்கிப் பிரியும், திரியாக நிற்காது. நின்றால் பருத்திக் கழிவு கலந்திருக்கு. வெளியே வைத்து ஒரு இழையைக் கொளுத்தினால் பாலியஸ்டர் உருகி மணியாகும், பஞ்சு சாம்பலாகும். மேலுறை நெருக்க நெசவாக இருக்கணும், இல்லாவிட்டால் தூள் கசிந்து அதுவே தும்மலைக் கிளப்பும்.

துவைக்கக் கூடாது. மாதம் இரண்டு முறை நல்ல வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைக்கணும், இல்லையேல் கட்டிகட்டியாகி நடுவில் குழி விழும். சீக்கிரம் தீப்பிடிக்கும் பஞ்சு வேற, சுருள் பக்கமே வேண்டாம்.

மாடிவீடு:
மொட்டைமாடி பூட்டியே இருக்கும். பால்கனி மட்டும்தான், அதுவும் நிழல்.

பஞ்சுமூட்டை:
அப்போ இலவம் உங்களுக்கு ஒத்துவராது. தென்னை நார் மெத்தை எடுங்க, மேலே ஜிப் வைத்த காட்டன் உறை. லேடெக்ஸுக்கு வெயிலே ஆகாது, ரப்பர் பொடிந்துவிடும். நிழல் பால்கனிக்கு அது பொருத்தம்தான், ஆனால் இரட்டைக் கட்டில் அளவு உங்க பட்ஜெட்டில் வராது.

எந்த மெத்தையானாலும் தூசிப்பூச்சி வரும். விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைங்க. வாஷிங் மெஷினில் ஹீட்டர் இல்லையென்றால் பக்கெட்டில் வெந்நீர் ஊற்றுங்க, சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் மூடிவைத்து ஊறவிடுங்க. கட்டிலில் பிளைவுட் பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட ரீப்பர் போட்டால் அடியில் ஈரம் தங்காது. எழுந்ததும் படுக்கையை மூடாதீங்க, ஒரு மணி நேரம் திறந்தபடி கிடக்கட்டும்.