டைனஸ்டி ஸ்டார்ட்டப் டிராஃப்ட்: ரூக்கி எத்தனை, மூத்த வீரர் எத்தனை? ஒன்பதாவது பிக், உதவி வேண்டும்

டாலஸ்_புதுசு:

வணக்கம் நண்பர்களே. இந்த 2025 ஆகஸ்டில் எங்கள் அலுவலகத்தில் 12 பேர் சேர்ந்து புது டைனஸ்டி லீக் தொடங்குகிறோம். ஃபேண்டஸி கால்பந்துதான்: என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து) வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைப்போம், நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதற்கு நமக்குப் புள்ளி. டைனஸ்டியில் எடுத்த வீரர் அடுத்தடுத்த வருடமும் நம்மிடமே இருப்பார். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வரும் சனிக்கிழமை. ஸ்னேக் முறை (ஒவ்வொரு சுற்றிலும் வரிசை திரும்பும்), எனக்கு ஒன்பதாவது பிக், அதாவது ஒன்பதாவதாகத் தேர்வு செய்யும் இடம். என் பிக்குகள் 9, 16, 33, 40, 57, 64 என்று போகும். வாரா வாரம் ஆட வைப்பது: ஒரு குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்), இரண்டு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), மூன்று ரிசீவர் (எறிந்ததைப் பிடிப்பவர்), ஒரு டைட் எண்ட் (எதிரணியைத் தடுப்பதோடு பந்தையும் பிடிப்பவர்), இரண்டு ஃப்ளெக்ஸ் (குவாட்டர்பேக் தவிர இவர்களில் யாரும்). கேட்ச்சுக்கு ஒரு புள்ளி. மொத்தம் 25 பேர், டாக்சி ஸ்குவாடில் (இளம் வீரர்களை வளர்த்து வைக்கும் தனிப் பட்டியல்) தனியாக நாலு இடம். 2025 ரூக்கிகளும் (என்.எஃப்.எல்.-க்கு இந்த வருடம் புதிதாக வந்தவர்கள்) இதே டிராஃப்டில்தான் இருக்கிறார்கள்.

போன வருடம் வேறொரு லீக்கில் சேர்ந்தேன். எடுக்கும் ஆள் வருடக்கணக்கில் நம்மிடமே இருப்பார் என்பதால் வயது குறைந்தவர்களாகவே பார்த்து எடுத்தேன். ரிசீவர்கள் மார்வின் ஹாரிசன் ஜூனியர், ரோம் ஒடூன்சே, ரன்னிங் பேக் ஜோனதன் புரூக்ஸ் என்று அந்த வருட ரூக்கிகள் மூன்று பேரும் முதல் எட்டுச் சுற்றுக்குள்ளேயே. ஹாரிசன் 885 யார்டு, ஒடூன்சே 734. மோசமில்லை, ஆனால் வாரத்தை ஜெயிக்க அது போதவில்லை. புரூக்ஸ் ஆடியது மூன்றே ஆட்டம். டிசம்பரில் அதே முழங்காலில் மறுபடி காயம். 3 வெற்றி, 11 தோல்வியோடு முடித்தேன்.

ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது. ஏழாவது சுற்றில் தேர்வுக்கான 90 வினாடி ஓடிக்கொண்டிருக்கும்போது ரன்னிங் பேக் டெரிக் ஹென்றி பெயர் பட்டியலில் மேலேயே இருந்தது. பக்கத்தில் வயது 30 என்று போட்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் தாண்டிப் போனேன். அவர் அந்த வருடம் ரேவன்ஸ் அணிக்காக 1,921 யார்டு ஓடினார்.

இந்த முறை பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாமா? அப்புறம், 9-ல் ரூக்கி ரன்னிங் பேக் ஆஷ்டன் ஜென்டி இருந்தால் எடுக்கலாமா, இல்லை ரிசீவர் ஆமொன்-ரா செயின்ட் பிரவுனா?

பழைய_பெஞ்ச்:

தம்பி, பாதிக்குப் பாதி என்ற கணக்கை விட்டுவிடுங்கள். வயது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

ரன்னிங் பேக் வந்த முதல் வருடமே ஆடுவான், 27, 28-க்கு மேல் விலை (டிராஃப்டிலும், அணிகளுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேடிலும் அவனுக்கு உள்ள மதிப்பு) சரியும். ரிசீவர் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வருடத்தில்தான் முழுசாகத் தெரிவான். அதன் பிறகு 30 வரை தாங்குவான். குவாட்டர்பேக் 35-லும் ஆடுகிறான். ஒரே குவாட்டர்பேக் வைக்கும் லீக்கில் அவசரமே வேண்டாம், ஜாரெட் கோஃப் மாதிரி ஒருவர் பின்னால் கிடைப்பார்.

டைட் எண்ட்தான் பொறுமையைச் சோதிக்கிற இடம். சாம் லபோர்ட்டாவும் பிராக் பவர்ஸும் முதல் வருடமே கலக்கியதைப் பார்த்து எல்லா ரூக்கியும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். கைல் பிட்ஸ் 2021-ல் முதல் வருடமே 1,026 யார்டு எடுத்தார். அடுத்த மூன்று வருடத்தில் ஒருமுறைகூட 700-ஐத் தொடவில்லை. அவரை முதல் சுற்றுகளில் வாங்கியவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

ஆகவே ரிசீவரில் இளமைக்குக் காசு கொடுங்கள். ரன்னிங் பேக்கில் வயதானவரை மலிவாக வாங்குங்கள். ஹென்றிக்கு இப்போது 31. மற்றவர்கள் பயப்படுவதால்தான் அவர் ஐந்து, ஆறாவது சுற்று வரைக்கும் இறங்கி வருகிறார். அவரிடம் ஐந்து வருடம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு வருடம் கிடைத்தாலே அந்த விலைக்குச் சரி.

ராலே_அக்கா:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ரூக்கி விஷயத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

2020-ல் எங்கள் லீக்கின் ரூக்கி டிராஃப்டில் (புதிதாக வந்தவர்களை மட்டும் வருடா வருடம் எடுப்பது) முதல் பிக் என்னிடம் இருந்தது. அந்த வருடம், நிஜ அணிகள் புது வீரர்களை எடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டின் முதல் சுற்றில் போன ஒரே ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹிலேர், 32-வது பிக். எடுத்தது சூப்பர் பௌல் (என்.எஃப்.எல். இறுதிப் போட்டி) ஜெயித்த சீஃப்ஸ், பந்து கொடுப்பது குவாட்டர்பேக் மஹோம்ஸ். யோசிக்கவே இல்லை. டிராஃப்டுக்கு முந்தின இரவு ஒருவர் அந்த பிக்குக்காக ஒரு நல்ல ரிசீவரும் அடுத்த வருட முதல் சுற்று பிக்கும் தருவதாகச் செய்தி அனுப்பினார். பதில்கூடப் போடவில்லை நான்.

எட்வர்ட்ஸ்-ஹிலேர் முதல் வருடம் 803 யார்டு ஓடினார். அதை அவர் பிறகு ஒருபோதும் தாண்டவில்லை. 41-வது பிக்கில் கோல்ட்ஸுக்குப் போன ஜோனதன் டெய்லர் அடுத்த வருடமே 1,811 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம். 22-வது பிக்கில் போன ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சன் ரூக்கியாகவே 1,400 யார்டு.

இதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். ஆடுவதற்கு முன்னால் ரூக்கிக்கு எல்லா நல்ல பெயரும் இருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். ஆடத் தொடங்கிய பிறகுதான் அது இறங்க முடியும். உங்கள் டிராஃப்ட் ஆகஸ்டில் நடக்கிறது, பயிற்சி முகாம் செய்திகளால் ரூக்கி விலை நன்றாக ஏறியிருக்கும் நேரம். அந்த விலைக்கு மூன்று பேரை வாங்காதீர்கள். ஒருவரை, அதிகம் போனால் இருவரை வாங்குங்கள். மற்ற இளைஞர்களை 2023, 2024-ல் வந்து ஏற்கெனவே ஆடிக் காட்டியவர்களில் தேடுங்கள்.

9-ல் செயின்ட் பிரவுன். 25 வயதுதான். 2023-ல் 119 கேட்ச், 2024-ல் 115. அவரைப் போய் மூத்தவர் பட்டியலில் வைக்காதீர்கள்.

ஞாயிறு_ஆட்டம்:

அக்கா, இந்த இடத்தில் எனக்கு வேறு கருத்து. ஜென்டி சாதாரண ரூக்கி இல்லை. பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காகப் போன வருடம் 2,601 யார்டு ஓடினார். பாரி சாண்டர்ஸ் 1988-ல் வைத்த கல்லூரிச் சாதனைக்கு 27 யார்டுதான் குறைவு. ரெய்டர்ஸ் ஆறாவது பிக்கைக் கொடுத்து எடுத்திருக்கிறார்கள், அவ்வளவு விலை கொடுத்தவர்கள் பெஞ்சில் உட்கார வைக்க மாட்டார்கள். ரன்னிங் பேக்குகள் பிஜான் ராபின்சனையும் ஜமீர் கிப்ஸையும் ரூக்கியாக 2023-ல் தைரியமாக எடுத்தவர்கள் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

ராலே_அக்கா:

நியாயம்தான். அவர் வெற்றி பெறுவார் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ரன்னிங் பேக்குக்கு முழங்கால் காயம் வயது பார்த்து வருவதில்லை. ரன்னிங் பேக் டாட் கர்லி 2018-ல் 21 டச்டௌன் போட்டார். 26 வயதில் கடைசி ஆட்டம் ஆடிவிட்டார். ஒன்பதாவது பிக் அணிக்கே அடித்தளம், அதில் நான் ரிசீவரைத்தான் வைப்பேன்.

டாலஸ்_புதுசு:

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். மூத்தவர்களை எடுத்துவிட்டு இரண்டு வருடத்தில் மொத்தமாகக் காலியாகிவிட்டால்?

பழைய_பெஞ்ச்:

அதற்குத்தான் டாக்சி ஸ்குவாடும், வருடா வருடம் வரும் ரூக்கி டிராஃப்ட் பிக்கும். மூத்தவரை எடுக்கும்போதே அவர் இடத்துக்கு யார் வருவார் என்று பாருங்கள். உதாரணமாக பக்கனியர்ஸ் அணியில் ரிசீவர் மைக் எவன்ஸ். தொடர்ந்து 11 வருடம் ஆயிரம் யார்டு தாண்டியவர், இந்த மாதம் 32. அதே அணி இந்த வருடம் 19-வது பிக்கில் ரிசீவர் எமேகா எக்புகாவை எடுத்திருக்கிறது. இரண்டு பேரும் கிடைத்தால் இன்றைக்கும் நாளைக்கும் ஆள் இருக்கிறது.

அடுத்த வருட முதல் சுற்று பிக்கை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். கடைசிச் சுற்றில் கிடைப்பவரையும் அலட்சியம் செய்யாதீர்கள். ரிசீவர் பூக்கா நாக்குவா 2023 என்.எஃப்.எல். டிராஃப்டின் ஐந்தாவது சுற்றில், 177-வதாக வந்தவர். பல லீக்குகளில் அவரை யாரும் எடுக்கவே இல்லை. முதல் வருடம் 105 கேட்ச், 1,486 யார்டு.

டாலஸ்_புதுசு:

டிராஃப்ட் முடிந்தது. ஜென்டி எனக்கு முன்னாலேயே போய்விட்டார், அதனால் 9-ல் யோசிக்கவே தேவைப்படவில்லை: செயின்ட் பிரவுன். 16-ல் ரிசீவர் டிரேக் லண்டன். 33-ல் ரன்னிங் பேக் ஒமாரியன் ஹேம்ப்டன், இவர் ஒரு ரூக்கி. 57-ல் எக்புகா, இரண்டாவது ரூக்கி, அதோடு நிறுத்திக்கொண்டேன்.

64 வந்தபோது ஹென்றி பெயர் போன வருடம் மாதிரியே பட்டியலில் மேலே இருந்தது. இந்த முறை 90 வினாடியில் பத்துகூட ஆகவில்லை, எடுத்துவிட்டேன். 81-ல் எவன்ஸும் கிடைத்தார்.

இப்போது டாக்சியில் எக்புகாவை வைக்கலாமா?

ராலே_அக்கா:

வேண்டாம், அவர் முதல் மாதத்திலேயே தேவைப்படலாம். நிறைய லீக்குகளில் டாக்சியிலிருந்து ஒருமுறை மேலே கொண்டுவந்தவரைத் திரும்ப அங்கே அனுப்ப முடியாது, உங்கள் லீக்கை நடத்தும் கமிஷனரிடம் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றுகளில் எடுத்த ரூக்கிகளை அங்கே போடுங்கள். அக்டோபரில் யாராவது ஹென்றியை டிரேடில் கேட்டால் ஒப்புக்கொள்வதற்கு முன் இங்கே எழுதுங்கள், விலை சரியா என்று சேர்ந்து பார்க்கலாம்.