ஆர்எக்ஸ் 100 கால் மைல் 12 செகண்டு: நிஜமா, கதையா? பழைய டிராக் செட்டிங் விவரம் வேணும்

மஞ்சக்குப்பம்_ரைடர்:
வணக்கம். 80, 90-கள்ல கடலூர், புதுவைப் பக்கம் டிராக் (drag, நேர் ரோட்டுல நின்ன இடத்துல இருந்து கிளம்பி ஓட்டுற பந்தயம்) ஓட்டினவங்க வண்டியை எப்படி செட் பண்ணாங்கன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. 'ஆர்எக்ஸ் கால் மைலை 12 செகண்டுல போச்சு', 'ஆர்டி-யையே (ராஜ்தூத் 350) ஆர்எக்ஸ் தூக்கிச்சு', 'சோழவரம் டிராக்ல அடிச்ச இன்ஜின்'. இதுல எது உண்மை?

கையில இருக்கிறது அந்தக் காலத்துல டிராக்குக்கு செட் பண்ண 1989 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. எக்ஸாஸ்ட் போர்ட்டை (சிலிண்டர்ல புகை வெளிய போற வாய்) ராவி உயர்த்தியிருக்கு. 26 மி.மீ. கார்ப்ரேட்டர், கையால செஞ்ச சேம்பர் (கூம்பு வடிவ டூ ஸ்ட்ரோக் சைலன்சர்), ஆயில் பம்ப் கழட்டி அடைச்சிருக்கு. நடு ஆர்பிஎம்-ல இழுவையே இல்ல. மேல போய் நல்லா பிடிக்கும்போது சூடாகி இறுகிடுது. பழைய செட்டிங்கை மாத்தாம ஓட வைக்கணும். எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

கணக்குப்பிள்ளை:
முதல்ல 12 செகண்டு கதையை முடிச்சிடலாம். வண்டியும் ஆளும் சேர்ந்த எடையைக் கிலோவுல எடுத்து, குதிரைத்திறனால வகுங்க. வர்ற எண்ணுக்குக் கனமூலம் எடுத்து 7.58-ஆல பெருக்குங்க. கால் மைலுக்கு, அதாவது 402 மீட்டருக்கு ஆகுற நேரம் ஓரளவு சரியா வந்துடும்.

கம்பெனி ஆர்எக்ஸ் 100-க்கு 11 குதிரை. வண்டி 100 கிலோ, ஆள் 60 கிலோன்னா 18.5 செகண்டு. நல்லா போர்ட் பண்ணி, சேம்பர் போட்டு 20 குதிரை எடுத்தாச்சுன்னே வைங்க, 15.2 செகண்டு. 12 செகண்டுல போகணும்னா அதே எடைக்கு 40 குதிரை வேணும். காத்துல குளிர்ற 98 சிசி ரோடு இன்ஜின்ல அது நடக்காது.

அப்போ சொன்னவங்க எல்லாரும் பொய் சொன்னாங்களா? அப்படியும் இல்ல. ரோட்டுல யாரும் டேப் பிடிச்சு 402 மீட்டர் அளக்கல. விளக்குக் கம்பத்தை எண்ணி, கைக்கடிகாரத்துல பார்த்தாங்க. அதே 20 குதிரை வண்டி 300 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய பன்னிரண்டரை செகண்டு ஆகும். தூரம் நூறு மீட்டர் குறைஞ்சிருந்தா, கடிகாரம் சொன்னது சரிதான்.

இன்னொண்ணு. முறையான டிராக்குல முன் சக்கரம் கோட்டுல இருக்கிற ஒளிக்கதிரை விட்டு நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். பச்சை விளக்கைப் பார்த்துட்டு எவ்வளவு தாமதமா கிளம்பினாலும் வண்டியோட நேரம் கெடாது, பந்தயம்தான் தோக்கும். கொடி அசைச்சு விட்ட பந்தயத்துல ரெண்டும் கலந்துதான் வரும். அதனால பழைய நேரங்களையும் இன்னைக்கு போர்டுல வர்ற நேரங்களையும் பக்கத்துல வச்சுப் பேசுறதே தப்பு.

புதுவை_ஆர்டி:
சோழவரம் பத்தி ஒரு திருத்தம். அது டிராக் ஸ்ட்ரிப் இல்ல. ரெண்டாம் உலகப் போர்க் கால ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதையே சர்க்யூட்டா (வளைவுகளோட சுத்தி வர்ற பந்தயப் பாதை) மாத்தி வருஷா வருஷம் பந்தயம் நடத்தினாங்க. நீளமான நேர் ஓட்டம் இருந்ததால 'டிராக்'னு பேர் ஒட்டிக்கிச்சு. ஆனா வளைவு எடுக்கத் தெரியாதவன் அங்க ஜெயிக்க முடியாது. பிறகு எல்லாம் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறிடுச்சு. சோழவரத்துல ஓடின இன்ஜின்னு சொன்னா, அது சர்க்யூட்டுக்குச் செட் பண்ண இன்ஜினா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதுக்கும் டிராக்குக்கும் சேம்பர் அளவே வேற.

ஆர்டி விஷயம்: ராஜ்தூத் 350 இங்க 1983-ல வந்துச்சு. 347 சிசி, ரெண்டு சிலிண்டர், ஆறு கியர். அதுல ஹெச்டி (ஹை டார்க்) மாடல் 30.5 குதிரை, எல்டி (லோ டார்க்) மாடல் 27 குதிரை. மேல சொன்ன கணக்குப்படி ஹெச்டி-க்கு 14.6 செகண்டு. நல்லா இருக்கிற ஆர்டி-யை எந்த ஆர்எக்ஸும் 402 மீட்டர்ல தொட முடியாது. ஆனா மைலேஜுக்காக ஜெட் (கார்ப்ல பெட்ரோல் அளவை முடிவு பண்ற துளை) குறைச்ச எல்டி, அதுலயும் ஒரு பக்க ப்ளக் எண்ணெய் பிடிச்சு ஒத்தை சிலிண்டர்ல ஓடுற எல்டின்னா, 200 மீட்டருக்குள்ள ஆர்எக்ஸ் முன்னாடி போயிடும். தூக்கின கதை எல்லாம் பெரும்பாலும் அந்த மாதிரி வண்டிங்களைத்தான்.

லேத்து_பட்டறை:
தம்பி, சேம்பரையும் ஜெட்டையும் தொடுறதுக்கு முன்னாடி கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்டோட ரெண்டு பக்கத்து ரப்பர் சீல்) பாருங்க. முப்பது வருஷத்து ரப்பர் கல்லு மாதிரி ஆகியிருக்கும். மேக்னெட் பக்கத்து சீல் போனா காத்து உள்ள இழுக்கும், கலவை லீன் ஆகி (காத்துக்குப் பெட்ரோல் பத்தாம) பிஸ்டன் இறுகும். கிளச் பக்கத்து சீல் போனா கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகையா தள்ளும். மேல போகும்போது சூடாகி இறுகுதுன்னு சொல்றீங்க, முதல் சந்தேகம் அங்கதான். கார்ப் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் தட்டு வச்சு அடைச்சு, ப்ளக் ஓட்டை வழியா 6 பிஎஸ்ஐ காத்து ஏத்துங்க. பிஸ்டன் கீழ இருக்கணும். சில நிமிஷம் அப்படியே நிக்கணும். இறங்கினா சோப்புத் தண்ணி தடவித் தேடுங்க. கடலோர வண்டி, அதனால கிராங்க் பேரிங்கையும் கையால சுத்திப் பாருங்க. உப்புக் காத்துல துரு பிடிச்ச பேரிங் சீலை மாத்தினாலும் மறுபடி தின்னும்.

அடுத்தது போர்ட். உயர்த்தியிருக்குன்னு சொன்னா போதாது, எத்தனை டிகிரின்னு தெரியணும். மேக்னெட் மேல டிகிரி தட்டு மாட்டி, எக்ஸாஸ்ட் திறக்க ஆரம்பிக்கிற இடத்துல இருந்து மூடுற வரைக்கும் அளங்க. ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டையும் (புதுக் கலவை சிலிண்டருக்குள்ள வர்ற வாய்) அதே மாதிரி. ரோட்டுலயும் ஓடி, டிராக்கும் அடிக்கிற ஆர்எக்ஸ்-க்கு எக்ஸாஸ்ட் 185-ல இருந்து 190, ட்ரான்ஸ்ஃபர் 125-ல இருந்து 130 போதும். இந்த இன்ஜின்ல போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ. எக்ஸாஸ்ட் மேல் விளிம்பை 1 மி.மீ. ராவினா மொத்தத்துல ஏறக்குறைய நாலரை டிகிரி கூடும். அரம் பிடிச்சவன் கை ஒரு தடவை கூடப் போனாலே இன்ஜின் குணம் மாறிடும். அகலமும் பாருங்க: நேர்க்கோட்டுல 34 மி.மீ.-க்கு மேல இருந்தா ரிங் வெளிய பிதுங்கி விளிம்புல மாட்டும். விளிம்பை உளி மாதிரி கூர்மையா விட்டிருந்தா, ரிங் மாட்டாட்டியும் சீக்கிரம் தேஞ்சுடும். லேசா உருட்டி விடணும்.

ஹெட் கடைஞ்சிருப்பாங்க, அதனால ஸ்க்விஷ் இடைவெளி (பிஸ்டன் மேல வரும்போது ஓரத்துல ஹெட்டுக்கும் அதுக்கும் நடுவுல இருக்கிற சந்து) பாருங்க. 1.5 மி.மீ. ஈயக் கம்பியை ப்ளக் ஓட்டை வழியா சிலிண்டர் சுவரைத் தொடுற வரைக்கும் விட்டு, கிக்கரை மெதுவா ஒரு சுத்து அமுக்குங்க. நசுங்கின முனையை வெர்னியர்ல அளந்தா 1 மி.மீ. பக்கம் இருக்கணும். பிஸ்டன் பின்னோட (pin) நீளவாட்டுல ரெண்டு பக்கமும் எடுங்க. குறுக்குவாட்டுல எடுத்தா பிஸ்டன் சாய்ஞ்சு தப்பான அளவு காட்டும். 0.8-க்குக் கீழ போயிருந்தா அதிக ஆர்பிஎம்-ல பிஸ்டன் தலை ஹெட்டைத் தொட்டுட வாய்ப்பு இருக்கு.

இப்ப சேம்பர். பிஸ்டன் முகத்துல இருந்து சேம்பரோட பின்பக்கக் கூம்போட நடுப்பகுதி வரைக்கும் வளைவோட சேர்த்து நூல் வச்சு அளங்க. எக்ஸாஸ்ட் டிகிரியை 43,180-ஆல பெருக்கி, அந்த நீளத்தால (மி.மீ.) வகுத்தா சேம்பர் எந்த ஆர்பிஎம்-க்குச் செஞ்சதுன்னு தெரியும். போர்ட் ஒரு ஆர்பிஎம் கேட்டு, சேம்பர் வேற ஆர்பிஎம் குடுத்தா, நீங்க சொல்ற மாதிரியே இருக்கும்: நடுவுல செத்து, மேல சூடாகும்.

ஆயில் பம்ப் இல்லாத வண்டிக்கு பெட்ரோல்ல லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலக்கணும், அதாவது 25-க்கு 1. போர் புதுசா அடிச்சிருந்தா முதல் ரெண்டு டேங்குக்கு 50 மில்லி. ஆமணக்கு எண்ணெய் சேர்ந்த ரேஸ் ஆயில் ஊத்தினா பழைய மினரல் ஆயில் இருந்த டேங்கையும் கார்பையும் முழுசா கழுவணும். ரெண்டும் கலந்தா பிசின் மாதிரி ஜெட்டை அடைக்கும்.

கன்னியக்கோயில்_கிளச்:
இன்ஜின் பேச்சுதான் எல்லாரும் பேசுறாங்க. இந்த வண்டிங்க ஜெயிச்சதும் தோத்ததும் முதல் 20 மீட்டர்லதான். ரெண்டு குதிரை கூட எடுத்தா கால் மைல்ல அரை செகண்டு கிடைக்கும். கோட்டுலயே முன் சக்கரம் எழும்பினாலோ, கிளச் நழுவினாலோ அதைவிடக் கூடப் போயிடும்.

ஆர்எக்ஸ் வீல்பேஸ் (ரெண்டு சக்கர அச்சுக்கும் நடுவுல தூரம்) 1,240 மி.மீ.தான். பவர் கூடினதும் முன் சக்கரம் தூக்கும். அதுக்குத்தான் அந்தக் காலத்துல முன் ஃபோர்க்கை கிளாம்ப்ல மேல ஏத்தி வண்டி மூக்கை இறக்கினாங்க, சிலர் ஸ்விங் ஆர்மை (பின் சக்கரத்தைத் தாங்குற கை) நீட்டினாங்க. ஸ்விங் ஆர்ம் வெல்டிங்கை நம்பி மட்டும் ஓட்டாதீங்க. குழாய்க்குள்ள இன்னொரு குழாய் சொருகாம முட்டவச்சுப் பத்தவச்சதா இருந்தா, பழைய ஆர்மா மாத்திடுங்க.

கிளச் ஸ்பிரிங் கம்பெனிதா, கடினமானதான்னு பாருங்க. பிளேட் ஒண்ணுக்கு ஒண்ணு நீலம் பாரிச்சிருந்தா எரிஞ்சது, அதைத் தேய்ச்சு மாட்டுறது வேலைக்காகாது. கிளம்பும்போது ஆர்பிஎம்-ஐ சேம்பர் பிடிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழ நிறுத்தி, கிளச்சைப் படக்குன்னு விடாம பத்து மீட்டருக்கு நழுவவிட்டு எடுக்கணும். படக்குன்னு விட்டா ஒண்ணு சக்கரம் எழும்பும், இல்லேன்னா ஆர்பிஎம் விழுந்து இன்ஜின் முக்கும்.

பின் டயர் காத்தை ரொம்ப இறக்காதீங்க. 2.75-18 ட்யூப் டயர், காத்து குறைஞ்சா ரிம் மேல டயர் நழுவி வால்வைக் கிழிச்சுடும். டயர்லயும் ரிம்லயும் சேர்த்து சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. ஒரு ஓட்டத்துக்கு அப்புறம் கோடு விலகியிருந்தா காத்து ஏத்தணும்.

பல்சக்கரம்: முன்னாடி ஒரு பல் குறைச்சா பின்னாடி மூணு பல் கூட்டின மாதிரி. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது டாப் கியர்ல அதிக பவர் குடுக்கிற ஆர்பிஎம்-ல இருக்கணும். அதுக்கு முன்னாடியே கத்த ஆரம்பிச்சா பின்னாடி ஒரு பல் குறைங்க.

ஈசிஆர்-ல சோதிக்கிற நினைப்பு வேண்டாம். மத்தியானத்துக்கு மேல கடல் காத்து குறுக்க அடிக்கும், லேசான வண்டி நேரா நிக்காது. அதுபோக மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவுப்படி அனுமதியில்லாம பந்தயம் விட்டா முதல் தடவை 3 மாசம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லேன்னா ரெண்டும். இருங்காட்டுக்கோட்டையில நடக்கிற தேசிய டிராக் போட்டியில ரெண்டு ஸ்ட்ரோக்குக்குன்னே வகுப்பு வச்சு நடத்தியிருக்காங்க.

மஞ்சக்குப்பம்_ரைடர்:
எல்லாருக்கும் நன்றி அண்ணே. மேக்னெட் பக்கத்து சீல் லீக்தான், மாத்தியாச்சு. இப்ப காத்து நிக்குது. ஸ்க்விஷ் 1.1. எக்ஸாஸ்ட் 194 டிகிரி, ட்ரான்ஸ்ஃபர் 128. சேம்பர் நீளம் 960 மி.மீ. கார்ப்ல பழைய மெயின் ஜெட்டே இருக்கு, அதை அப்படியே விடலாமா?

லேத்து_பட்டறை:
194-ஐ 43,180-ஆல பெருக்கி 960-ஆல வகுத்தா 8,700 சொச்சம். 194 டிகிரி போர்ட் 10,000-க்கு ஆசைப்படும். சேம்பர் அதுக்கு முன்னாடியே நின்னுடுது. வேற இன்ஜினுக்குச் செஞ்ச சேம்பரை இதுல மாட்டியிருக்காங்க.

10,000-க்குச் சரியா வேணும்னா 838 மி.மீ. வரும். அவ்வளவு வெட்டாதீங்க. நாலு கியர் பெட்டி, ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு மாத்தினதும் ஆர்பிஎம் ரொம்பக் கீழ விழும். சேம்பர் பிடிக்கிற இடத்துக்குத் திரும்ப ஏறி வர்றதுக்குள்ள பக்கத்து வண்டி போயிடும். முன் பைப்புல, கூம்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 60 மி.மீ. வெட்டிச் சேருங்க. 900-ல 9,300 வரும், அது போதும். முதல்ல 30 வெட்டி ஓட்டிப் பாருங்க. வெட்டினதை ஒட்டவைக்கிற வெல்டிங் உள்ள பிதுங்கியிருந்தா ராவிடணும்.

கணக்குப்பிள்ளை:
ஜெட்டை அப்படியே விடாதீங்க. அந்த ஜெட் போட்ட காலத்துப் பெட்ரோல் வேற. இன்னைக்கு பங்க்ல வர்றது 20 சதம் எத்தனால் கலந்தது. அதே காத்துக்கு ஏறக்குறைய 7 சதம் கூட எரிபொருள் வேணும். பழைய ஜெட்ல ஓட்டினா சீல் புதுசா இருந்தாலும் லீன்தான். ரெண்டு அளவு பெருசா ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணா இறங்குங்க.

இறங்கும்போது ப்ளக்கைப் படிக்கிற முறையும் மாறணும். 2000-க்கு முன்னாடி ஈயம் கலந்த பெட்ரோல், அதுல ப்ளக் பீங்கான் காப்பிக் கலருக்கு வந்தா சரின்னு சொல்வாங்க. இப்ப அந்தக் கலருக்காகக் காத்திருந்தா ஜெட் அளவு தப்பாயிடும். புது ப்ளக் போட்டு, டாப் கியர்ல முழுசா முறுக்கி ஓட்டிட்டு, அப்படியே கிளச் பிடிச்சு இன்ஜினை நிறுத்துங்க. பீங்கானோட அடியில, உலோகத்துக்குள்ள மறையுற இடத்துல மெல்லிய கரும்புகை வளையம் இருக்கணும். வளையமே இல்லாம வெள்ளையா இருந்தா ஜெட்டைக் கூட்டுங்க. பீங்கான்ல மினுமினுன்னு பொடிப்பொடியா அலுமினியம் ஒட்டியிருந்தா பிஸ்டன் உருக ஆரம்பிச்சாச்சு, அத்தோட நிறுத்திட்டு ஹெட்டைக் கழட்டுங்க.

காலையில 25 டிகிரியில சரி பண்ண ஜெட், புழுக்கமான மத்தியானம் கொஞ்சம் ரிச்சாதான் (பெட்ரோல் கூடுதலா) இருக்கும். சூட்டுக்குக் காத்து அடர்த்தி குறையுது, ஈரப்பதமும் ஆக்சிஜன் இடத்தைப் பிடிச்சுக்குது. மத்தியானம் செட் பண்ணிட்டு விடியக்காலையில ஓட்டினாத்தான் ஆபத்து. அதனால செட்டிங் வேலையை விடியக்காலையிலயே வச்சுக்கங்க. கலந்த பெட்ரோலை டேங்க்ல வாரக்கணக்குல விட்டுடாதீங்க. எத்தனால் ஈரத்தை உறிஞ்சி அடியில தண்ணியா பிரியும், அதைத்தான் கார்ப் முதல்ல குடிக்கும்.