மறுமொழி: ‘லைட் பெயின்ட்டிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். இருட்டில் கேமரா ஷட்டரைத் திறந்து வைத்து, டார்ச் ஒளியைப் பொருளின் மேல் நகர்த்திப் படமெடுக்கிற ‘லைட் பெயின்ட்டிங்’ முறைக்கு, பூச்சியுண்ணும் செடி பற்றிய கட்டுரைக்காக ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் மறுமொழி இது.

> ‘ஒளியோவியம்’ என்றே வைத்துவிடலாமே. அழகாகவும் இருக்கிறது, புரியவும் செய்கிறது.

அழகுதான் ஐயா. ஆனால் அந்தச் சொல் சும்மா கிடக்கவில்லை. சினிமா டைட்டிலில் ஒளிப்பதிவாளர் பெயரோடு ‘ஒளி ஓவியம்’ என்று போடும் வழக்கம் இருக்கிறது. நல்ல புகைப்படக்காரர் யாராக இருந்தாலும் ‘ஒளி ஓவியர்’ என்றுதான் மேடையில் அழைக்கிறார்கள். ஒரு தனி உத்திக்கு அதையே வைத்தால் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். இந்த இழையில் பாதிப் பேர் வேறொன்றை நினைத்துப் பேசுவதாகத் தெரிகிறது.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், எங்கள் வீட்டு மாடியில் டிரோசெரா என்ற பூச்சியுண்ணும் செடி வளர்க்கிறேன். பர்மானி, இண்டிகா என்ற இரண்டு இனங்கள். இரண்டுமே தமிழ்நாட்டின் ஈர மணல் நிலங்களில் தானாக முளைப்பவை, வெளிநாட்டுச் சரக்கல்ல. நைட்ரஜன் குறைந்த மண்ணில் பிழைக்கப் பூச்சி பிடிக்கிற செடி, அதனால் தொட்டியில் உரம் போட்டால் போய்விடும். நம் கரையில் உரத்தைவிடப் பெரிய பகை தண்ணீர். கிணற்றிலும் உப்பு, போரிலும் உப்பு. கரைந்த உப்பு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இதை வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்துச் சின்டெக்ஸில் மூடி வைத்துக்கொள்வேன், தீர்ந்தால் ஆர்.ஓ. தண்ணீர். தென்னை நார்க்கழிவு இங்கே மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதிலும் உப்பு ஊறியிருக்கும். நன்றாக அலசாமல் போடக் கூடாது. கடல் மணல் பக்கமே போக வேண்டாம்.

இலை முழுக்கச் சிவந்த மயிர். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பிசின்துளி. உச்சி வெயிலில் எடுத்தால் துளி வெறும் வெள்ளைப் புள்ளி, கேமரா ஃபிளாஷில் இன்னும் மோசம். ஆகவே கருக்கலுக்குப் பிறகு, அறைக்குள், சன்னலைச் சாத்திக்கொண்டு எடுக்கிறேன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மாடியில் எந்த இலையும் ஒரு நொடி நிற்காது. பின்னால் கறுப்புத் துணி. முக்காலியில் கேமரா, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, ஷட்டர் 20 நொடி. ஒரு சின்ன டார்ச்சின் வாயில் கறுப்புத் தாளைக் குழலாகச் சுருட்டி மாட்டி, ஷட்டர் திறந்திருக்கும்போது செடியின் பக்கவாட்டிலும் முதுகிலும் ஒளியை நகர்த்திக்கொண்டே இருப்பேன். கை நின்றால் அந்த இடம் வெளுத்துத் திட்டாகிவிடும். பின்னாலிருந்து வருகிற ஒளி துளிக்குள் புகுந்து வரும்போது ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி வில்லை. டார்ச்சும் கையும் படத்தில் வராது, ஒளி பட்ட இடம் மட்டும் வரும். (அப்போதுதான் எறும்பு ஒட்டிய பர்மானியை எடுக்காதீர்கள். அதன் ஓரத்து மயிர்கள் சில நொடிகளில் வளைந்துவிடும், படத்தில் இரட்டையாகத் தெரியும். கைபேசியில் நைட் மோடும் வேண்டாம். அது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதால் நகரும் ஒளியில் தடுமாறுகிறது.)

இதுவல்லாமல் இன்னொரு வேலை உண்டு. இருட்டில் டார்ச்சை லென்ஸுக்கு நேராகக் காட்டிக் காற்றில் எழுதுவது. அங்கே விளக்கு போன தடம்தான் படம். ஆங்கிலக்காரர்கள் இரண்டையும் பெரும்பாலும் ஒரே பெயரில் அழைக்கிறார்கள். அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் ஏன் வாங்க வேண்டும்? காற்றில் எழுதுவதற்குப் பரமக்குடி அக்கா சொன்ன ‘ஒளிக்கோலம்’ கச்சிதம். அதை அதற்கே கொடுத்துவிடலாம்.

> ‘ஒளிப்பூச்சு’ – எளிமை, யாருக்கும் புரியும்.

காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்), லென்ஸ் மேல் இருக்கும் கோட்டிங்கைத்தான் பூச்சு என்கிறோம். ஒளிப்பூச்சு என்று கேட்டால் கண்ணாடிக் கடையில் விலைப்பட்டியலை எடுத்து நீட்டுவார்கள். போதாக்குறைக்கு இது பூச்சியுண்ணும் செடி பற்றிய கட்டுரை. பூச்சு, பூச்சி என்று வரிக்கு வரி வந்தால் மெய்ப்புப் பார்ப்பவர் பாவம். ‘ஒளிமெழுகல்’ மெழுகுவத்தியை ஞாபகப்படுத்துகிறது. ‘வருடல்’ ஸ்கேனருக்குப் போய்விட்டது. ‘ஒளித்தடவல்’ பொருளில் மிக நெருங்கி வருகிறது, இருட்டில் துழாவுவதும் தடவுவதுதானே. ஆனால் இன்றைக்குப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஏறியிருக்கும் அர்த்தத்தில், வகுப்பில் சொன்னால் பின்வரிசை சிரித்தே கெடுத்துவிடும்.

என் முன்மொழிவு: ஒளிநீவல்.

சுளுக்குக்கு எண்ணெய் போட்டு நீவிவிடுகிற அதே நீவு. கை ஓரிடத்தில் நிற்காது, ஒரு போக்காகப் போகும், திரும்பவும் வரும். இந்த வேலைக்கு வேண்டிய ஒழுங்கு முழுக்க அந்த வினையிலேயே இருக்கிறது. ‘முதுகுப்பக்கம் இரண்டு நீவு, பக்கவாட்டில் ஒரு நீவு’ என்று கற்றுக்கொடுக்கலாம். ‘தண்டை நீவாமல் விட்டேன், அதனால் இலை மிதக்கிற மாதிரி வந்தது’ என்று எழுதலாம். வேறெந்தத் துறையும் இதைப் பிடித்து வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

– மண்டபத்திலிருந்து

* * *

தம்பிக்கு,

‘ஒளிநீவல்’ செடிக்குச் சரி. தனுஷ்கோடியில் 1964 புயலில் இடிந்த தேவாலயத்தை, அனுமதி கிடைத்து, இரவில் இப்படி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். டார்ச் ஐம்பது அடி தள்ளி நிற்கும். தொடாமல் எப்படி நீவுவது? ஓவியம் என்ற கருத்தும் போய்விடுகிறதே.

* * *

ஐயா,

வெளிச்சம் ‘படுகிறது’ என்றுதானே சொல்கிறோம். நெற்றியில் வெயில் படுவதற்குச் சூரியன் எத்தனை தூரம் என்று கணக்குப் பார்ப்பதில்லை. சுவரில் படுகிற ஒளி சுவரை நீவலாம். ஓவியம் போவது பற்றி எனக்கு வருத்தமில்லை. ஓவியத்தில் பொருள் மேல் ஏதோ ஏறுகிறது, இங்கே எதுவும் ஏறுவதில்லை.

* * *

கீழக்கரையிலிருந்து:

நான் ‘பூச்சு’ கட்சிதான், மாறப்போவதில்லை. ஒரு கேள்வி மட்டும். நெப்பந்தஸ் என்ற பூச்சியுண்ணும் செடியின் குடுவை விளிம்பைப் புற ஊதா டார்ச்சால் எடுத்தால் நீலமாக வருகிறதே, அதுவும் நீவலா?

* * *

காக்கா, நல்ல கேள்வி. கேரளத்தில் பாலோடு தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் சொல்கிறது. 366 நானோமீட்டர் புற ஊதா பட்டால் குடுவையின் வாய் விளிம்பு நீலமாக ஒளிர்கிறது, அந்த ஒளிர்வை மறைத்தால் விழுகிற இரை குறைகிறது. அங்கே நாம் காட்டுகிற ஒளி வேறு, படத்தில் வருகிற ஒளி வேறு. வருவது செடியின் ‘ஒளிர்வு’. டார்ச்சை நகர்த்தி எடுத்தால் கைவேலை நீவல், கிடைப்பது ஒளிர்வுப் படம். இரண்டு சொல்லும் வேண்டும். அந்த டார்ச்சைக் கண்ணுக்கு நேரே காட்டாதீர்கள், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மறுப்பு இல்லையென்றால் நம் சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்:

ஒளிநீவல் (பெ.): இருட்டில் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து, சட்டகத்தில் தெரியாத விளக்கின் ஒளியை நிறுத்தாமல் நகர்த்திப் பொருளின் மேல் விழச்செய்து எடுக்கும் முறை. வினை: ஒளி நீவு. விளக்கே லென்ஸை நோக்கி வரைவதற்கு ‘ஒளிக்கோலம்’ காண்க. வேறு வழக்கு: ஒளிப்பூச்சு (கீழக்கரை).