எக்செல் மேக்ரோ: சிவப்புப் பட்டை வருகிறது, அனுமதிக்கும் பட்டனையே காணோம்

கேள்வி:

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் 86 பேரின் சம்பளக் கணக்கு முழுவதும் ஒரே எக்செல் கோப்பில்தான் ஓடுகிறது. போன மாதம் ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் பல வருஷமாகப் பார்த்துப் பார்த்து எழுதிய மேக்ரோ, அதாவது எக்செலைத் தானாகவே வேலை செய்ய வைக்கும் சிறு நிரல், அதில் இருக்கிறது. விடுப்பு நாட்களைப் போட்டு 'கணக்கிடு' பட்டனை அழுத்தினால் பிடித்தமெல்லாம் கழித்து, ஆளுக்கொரு தாளாகப் பிரித்துத் தந்துவிடும். போகும்போது கோப்பை எனக்கு மெயிலில் அனுப்பிவிட்டுப் போனார்.

என் கணினியில் திறந்தால் மேலே சிவப்புப் பட்டை. முன்பெல்லாம் மஞ்சள் பட்டைதான் வரும், 'எனேபிள் கன்டென்ட்' அழுத்தினால் போதும். இதில் அந்தப் பட்டனே இல்லை, 'லேர்ன் மோர்' மட்டும்தான் இருக்கிறது. தேடிப் பார்த்தால், எக்செலின் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கும் ட்ரஸ்ட் சென்டரில் 'எனேபிள் ஆல் மேக்ரோஸ்' கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? நாளைக்குச் சம்பளம் போட்டாக வேண்டும்.

பதில் 1:

தயவுசெய்து அதை மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு கோப்புக்காக எல்லாக் கோப்புக்கும் கதவைத் திறந்து வைப்பதுபோல் ஆகிவிடும். 1999-இல் மெலிஸா என்ற வைரஸ் வேர்ட் மேக்ரோவில்தான் வந்தது. கோப்பைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தானே மெயில் அனுப்பியது. உங்களிடம் இருப்பதோ 86 பேரின் சம்பள விவரம்.

இணையத்திலிருந்தோ மெயிலிலிருந்தோ வரும் கோப்பின் மேல் விண்டோஸ் ஒரு மறைவான அடையாளம் போட்டுவைக்கும். 2022-இலிருந்து, அந்த அடையாளம் உள்ள கோப்பில் மேக்ரோ இருந்தால் ஆஃபீஸ் அதை ஒரேயடியாகத் தடுத்துவிடுகிறது. சிவப்புப் பட்டைக்குக் காரணம் அதுதான், மேக்ரோவில் கோளாறு எதுவும் இல்லை.

முதலில் அந்த அண்ணனுக்கு ஒரு போன் போட்டு, அனுப்பியது அவர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் எக்செலை மூடிவிட்டு, கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். 'ஜெனரல்' பக்கத்தின் அடியில் 'அன்பிளாக்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். டிக் செய்து ஓகே கொடுங்கள். ஜிப்பாக வந்திருந்தால், பிரிப்பதற்கு முன்பே ஜிப் கோப்புக்கு இதைச் செய்துவிடுங்கள்.

கேட்டவர்:

வந்துவிட்டது, ரொம்ப நன்றி! போன் செய்தேன், அவர்தான் அனுப்பினார். அன்பிளாக் செய்ததும் மஞ்சள் பட்டை வந்தது, அனுமதித்தேன், 86 தாளும் பிரிந்துவிட்டது.

இன்னொரு சிக்கல். இதே கோப்பைச் சர்வரில் உள்ள பொது ஃபோல்டரில் வைத்துத் திறந்தால் மறுபடி சிவப்பு. அங்கே ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் கட்டமும் இல்லை.

பதில் 2:

சர்வரை ஐபி எண் (நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்குரிய எண் முகவரி) போட்டுத் திறக்கிறீர்களா? பாதையில் 192.168 என்று எண்ணாக இருந்தால், உங்கள் அறைக்குள்ளேயே இருக்கும் சர்வரைக்கூட விண்டோஸ் வெளி இணையம் என்றே எடுத்துக்கொள்ளும். புள்ளிகள் உள்ள முழுப் பெயருக்கும் அதே கதைதான். சர்வரின் சின்னப் பெயரைப் போட்டுத் திறந்து பாருங்கள். அப்படியும் வந்தால், 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்', 'செக்யூரிட்டி' போய் 'லோக்கல் இன்ட்ராநெட்' பட்டியலில் அந்தச் சர்வரைச் சேர்த்துவிடுங்கள்.

பதில் 1:

மேலே சொன்னது சரி. ட்ரஸ்ட் சென்டரில் 'ட்ரஸ்டட் லொகேஷன்ஸ்' என்று ஒன்றும் இருக்கிறது. அதில் சேர்த்த ஃபோல்டரில் எந்தப் பட்டையும் வராது, கேட்காமலே மேக்ரோ ஓடும். அதனால் சம்பளக் கோப்புக்கென்றே உங்கள் கணினியில் தனி ஃபோல்டர் வைத்து, அதை மட்டும் சேருங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைச் சேர்க்கவே கூடாது, கண்டதெல்லாம் வந்து விழும் இடம் அது.

சேமிக்கும்போது கோப்பு வகையையும் ஒரு தடவை பாருங்கள். எக்ஸ்எல்எஸ்எம்-ஆகவே இருக்க வேண்டும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ்-ஆகச் சேமித்தால் அண்ணன் எழுதிய மேக்ரோ முழுவதும் போய்விடும். ஒரு பிரதியை வேறு இடத்தில் எடுத்துவைத்துவிடுங்கள்.

கேட்டவர்:

ஐபி எண்தான் போட்டிருந்தோம். சர்வர் பெயர் போட்டதும் சிவப்பு போய்விட்டது. பிரதியும் எடுத்துவிட்டேன். அண்ணனிடம் சொன்னேன், நிம்மதியாகக் கேட்டுக்கொண்டார்.