சுங்கை சிப்புட்டில் ஐந்து ரிங்கிட் பபிள் டீ

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் குறைந்த செலவில் நல்ல பபிள் டீ, அதாவது மெல்லும் முத்துகள் போட்ட குளிர்ந்த பால் தேநீர், குடிக்க விரும்புகிறவர்கள், அந்த முத்து எப்போது வெந்தது என்று கடைக்காரரிடம் முதலில் கேட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மரவள்ளி மாவில் செய்யப்படும் அம்முத்துகள் வெந்த சில மணி நேரம் வரைதான் மெல்ல இதமாக இருக்கும். அதன்பின் உள்ளே இறுகத் தொடங்கும், குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் விரைவாகவே இறுகிவிடும்.

என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பேரங்காடிக் கடைக்குப் போனால் ஒரு மாலைக்கே நாற்பது ரிங்கிட் போய்விடும் என்பதால், நாங்கள் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் ஒரு தம்பி ஐந்து ரிங்கிட்டுக்கு விற்கும் பபிள் டீயையே வாங்குகிறோம். முதல் முறை விசாரித்தபோது அவர் பானையின் மூடியைத் திறந்து காட்டி, "ஆறரைக்குத்தான் இறக்கினேன் அக்கா, பாருங்க" என்றார். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் முத்தைப் போட வேண்டும், முன்னதாகப் போட்டால் மாவு கரைந்துவிடும். வெந்தபின் அடுப்பை அணைத்து மூடியே வைத்திருந்தால்தான் நடுப்பகுதியும் வேகும். பிறகு சூடாகவே பழுப்புச் சீனிப் பாகில் ஊற விட வேண்டும் என்று, வரிசையில் ஆள் நின்றபோதும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். தொழில் இரகசியம் என்று மறைக்காத அந்த மனம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஐஸ் குறைவாகக் கேட்டு, சின்சாவ் எனும் கருநிற மூலிகை ஜெல்லி போன்ற கூடுதல் சேர்க்கைகளைத் தவிர்த்து, சிறிய குவளையாக வாங்கினால் காசும் மிஞ்சும், தேநீரின் சுவையும் நீர்த்துப் போகாது. சீனியைப் பாதியாகக் குறைக்கச் சொல்வதும் நல்லது, ஏனெனில் முத்து ஊறிய பாகிலேயே போதுமான இனிப்பு இருக்கிறது.

சம்பளத்துக்கு முந்திய வாரங்களில் வீட்டிலேயே செய்கிறேன். காய்ந்த முத்துப் பொட்டலம் ஒன்று பல முறைக்கு வரும். கேமரன் மலையின் ‘போ’ (BOH) நிறுவனத் தேயிலையைக் கெட்டியாகக் கொதிக்க வைத்து டின்பால் சேர்த்தால், தே தாரேக் எனும் இழுத்து ஆற்றிய பால் தேநீரைக் குடித்துப் பழகிய நம் நாக்குக்குக் கடைப் பொடிப்பாலைவிட அதுவே பொருத்தமாக இருக்கிறது. 1980-களில் தைவானில் தோன்றிய பானம் இது என்று பிள்ளைகள் விளக்கிய அன்று, என் மாமியார் முத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, போர்க்காலத்தில் ஜப்பானியர் மலாயாவை ஆண்ட நாட்களை நினைத்து, "ஜப்பான்காரன் காலத்துல அரிசி இல்லாம எங்கம்மா தின்ன கிழங்குதானே இது" என்றார். அவருக்கு ஐஸ் போடாமல் இளஞ்சூட்டில், முத்தை இன்னும் சற்று மென்மையாக வேகவிட்டுத் தருகிறேன், விரும்பிச் சாப்பிடுகிறார். மீந்த முத்து மறுநாளைக்கு ஆகாது என்பதால், வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோமோ அந்த அளவுக்கு மட்டுமே வேகவைக்கிறேன்.