நிருபராக இருந்து செய்தித் தொடர்புக்கு வந்தவர்களோடு வேலை பார்த்திருக்கிறீர்களா?

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் செய்தித் தொடர்புத் தலைவராக இருந்த அம்மா முதலில் நாளிதழ் நிருபர், அப்புறம் பொதுச் சுகாதாரத் துறை, அதற்கப்புறம்தான் இங்கே. ஒரு பேராசிரியர் தன் ஆய்வைப் பற்றி "ஆபத்து இரு மடங்கு" என்று எழுதி அனுப்பியிருந்தார். அந்த அம்மா அந்த வரியைச் சுழித்து, ஓரத்தில் "எத்தனை பேரில் எத்தனை?" என்று மட்டும் எழுதித் திருப்பிவிட்டார். பேராசிரியர் எகிறிக்கொண்டு வந்தார். அவரை உட்காரவைத்து 1995இல் பிரிட்டனில் நடந்ததைச் சொன்னார்: ஒரு வகைக் கருத்தடை மாத்திரையால் ரத்தக்கட்டு ஆபத்து இரு மடங்காகும் என்று எச்சரிக்கை வந்தது, உண்மையில் 7,000 பேரில் ஒருவர் என்றிருந்தது இருவரானது, அவ்வளவுதான். ஆனால் பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தியதில் அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகக் கணக்கிட்டார்கள். இதில் கொடுமை, கர்ப்பகாலத்தில் ரத்தக்கட்டு ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். பேராசிரியர் வரியை மாற்றிக் கொடுத்தார், முணுமுணுத்துக்கொண்டேதான்.

பதில்:
நான் போனுக்கு இந்தப் பக்கம் இருந்தவன், நிருபர். கொரோனா சமயத்தில் சுகாதாரத் துறையில் இப்படி ஒருவர் இருந்தார். "இது தெரியும், இது இன்னும் தெரியாது, ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன்" என்பார். ஆறு மணிக்குப் புதிதாக ஒன்றுமே இல்லாவிட்டாலும் கூப்பிடுவார், ஒன்றுமில்லை என்று சொல்வதற்காக! 2020 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் முகக்கவச அறிவுரையை மாற்றியபோது மற்றவர்கள் பழைய பேச்சை மறைக்கப் பார்த்தார்கள். இவர் மட்டும் "அன்றைக்கு அப்படிச் சொன்னோம், இன்றைக்கு இதனால் மாற்றுகிறோம்" என்று நேராகச் சொன்னார். டெட்லைன் என்றால் என்னவென்று தெரிந்த ஆள்.

பதில்:
எல்லாம் சரி, ஆனால் கல்வி நிறுவனத்துக்குள் வந்தபின் அந்த நிருபர் புத்தி பாதி நேரம் தொல்லைதான். எங்கள் செய்தித் தொடர்புத் தலைவரிடம் பழைய பத்திரிகை நண்பர் ஒருவர் உள் விசாரணை பற்றிக் கேட்டார். புகார் கொடுத்த மாணவியின் பெயர் வெளியே வந்துவிடக் கூடாது, அதனால் வாய் திறக்க முடியாது. வேறு யாராக இருந்தாலும் "எனக்குத் தெரியாது" என்று போனை வைத்திருப்பார்கள். இவர் "தெரியும், சொல்ல மாட்டேன்" என்றார். நண்பர் அதையே தலைப்பாகப் போட்டுவிட்டார். நிர்வாகம் ரொம்ப நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் அந்த மாணவி மட்டும் அவரைத் தேடி வந்து பேசிவிட்டுப் போனாள்.